கூட்டேரிப்பட்டைத் தாண்ட ஆறு சிட்டிங்

எங்கள் தொழிலில் கருவி என்று சொல்லிக்கொள்ள இரண்டு நாற்காலியும் ஒரு பெட்டி டிஷ்யூ பேப்பரும்தான் உண்டு. அதிலும் ஒரு நாற்காலி ஆடும். ஊசி கிடையாது, ஸ்கேன் கிடையாது, எழுதித் தர மாத்திரை கிடையாது. வருகிறவர் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும், பேசிக் கேட்டதிலேயே அவர் வீட்டுப் பிரச்சனை தீர வேண்டும். மனநல ஆலோசகர், குடும்பநல ஆலோசகர் என்று எந்தப் பலகையை மாட்டிக்கொண்டு அவதிப்பட்டாலும், சக பாவிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை.

நான் வாரத்தில் நான்கு நாள் திண்டிவனத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் உட்காருகிறேன். செவ்வாயும் வியாழனும் விழுப்புரத்தில் ஒரு சின்ன கிளினிக்கின் பின்னறை. என் முறை சுருக்கமானது. ஒரு ஆளுக்கு ஒரு பிரச்சனை, அதற்கு ஆறு சிட்டிங். முதல் நாளே அந்தப் பிரச்சனையை, வந்தவர் வாயால் சொன்ன ஒரே வரியில் ஒரு அட்டையில் எழுதி மேஜைமேல் வைத்துவிடுவேன். ஆறாவது முறைக்குள் அந்த வரி பொய்யாகிவிட வேண்டும். பிறந்ததிலிருந்து தோண்டிக்கொண்டிருக்க இங்கே யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். இரண்டு பேர் எங்கள் பெயரையே போடுங்கள், ஊருக்குத் தெரியட்டும் என்று சண்டை போட்டார்கள், அவர்களுடையதையும் மாற்றிவிட்டேன்.

ஒரு டோக்கனுக்கு ஒன்பது பேர்

விக்கிரவாண்டி டோல்கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி சாலையோரமாக ஓட்டல் வைத்திருக்கும் சகுந்தலா அம்மா முதல் தடவை வந்தபோது ஷேர் ஆட்டோவிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். விழுப்புரம் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் ரெஜினா அக்கா, யாருக்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். மாமியாரான சகுந்தலா அம்மா மருமகளைக் காட்ட, மருமகள் புருஷனைக் காட்ட, அவன் தன் அப்பாவைக் காட்ட, அவர் வாசலில் நின்ற ஆட்டோக்காரரைத் தவிர மற்ற எல்லோரையும் காட்டினாராம்.

படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தது தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவது. என் அறையில் ஒன்பது பேரும் நின்றுகொண்டே பேசினார்கள், ஒரே நேரத்தில். பத்தே நிமிடத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு அடுப்பு, இரண்டு சமையல்காரிகள், இரண்டு பேருக்கும் கை நல்ல கை. மாமியார் வைத்த குழம்பில் மருமகள் கரண்டியை விடுவாள், மருமகள் கரைத்த மாவில் மாமியார் உப்புப் போடுவாள். காலை அடுப்பு மாமியாருக்கு, சாயங்கால அடுப்பு மருமகளுக்கு, ஒருவர் வேளையில் மற்றவர் அடுப்படிக்கே வரக்கூடாது என்று எல்லோர் முன்னிலையிலும் முடிவாயிற்று. இரண்டே சிட்டிங்கில் சண்டை நின்றது. மிச்சம் நான்கு சிட்டிங்கை என்ன செய்வது என்று அவர்கள் கேட்டதுதான் எனக்குப் பெருமை. எதற்காக அம்மா இத்தனை பேரைக் கூட்டி வந்தீர்கள் என்று கேட்டதற்கு சகுந்தலா அம்மா சொன்னார்:

"பிரச்சனை யாருக்குன்னு எங்களுக்குத் தெரிலம்மா. அதான் வீட்ல இருந்த அத்தனை பேரையும் இட்டுக்கினு வந்துட்டேன், நீயே பாத்து எடுத்துக்கோ."

கூவுகிறவர்

ஏழுமலை அண்ணன் திண்டிவனம் மாடிக்கு வந்தது மாசிப் பாதியில். இருபத்திரண்டு வருடமாகத் தனியார் பஸ் டிரைவர். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எந்த வேகத்தடையில் எந்தச் சக்கரம் முதலில் ஏறும் என்று தெரிந்தவர். போன வருடம் கூட்டேரிப்பட்டு ஜங்ஷனில் ஒரு பைக் குறுக்கே வந்து பஸ்ஸில் மோதிவிட்டது. பைக்கில் வந்த வேலு என்ற இளைஞனுக்குக் கால் மூன்று இடத்தில் முறிந்தது. அண்ணன் மேல் தவறில்லை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அவர் கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் நடுக்கம், அந்த ஜங்ஷன் நெருங்கினால் கண் இருட்டல்.

ஒரு வருடமாக அவருக்கு பஸ் ஸ்டாண்டில் நின்று கூவி ஆள் ஏற்றுகிற வேலை. முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார். சித்திரை பிறப்பதற்குள் வண்டியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தடத்துக்கு வேறு ஆளை நிரந்தரமாகப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கிடைத்தது ஆறு வாரம், கணக்காக ஆறு சிட்டிங். ஒரே வரியில் உங்கள் பிரச்சனையைச் சொல்லுங்கள் என்றேன். பயம், நடுக்கம், தூக்கமில்லை என்று ஏதாவது வரும் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னதை அப்படியே அட்டையில் எழுதினேன்:

"என் பஸ்ஸை வேற ஆளு ஓட்றான், அதுக்கு நான் நின்னு ஆள் கூப்ட்டுக்கினு இருக்கேன்."

ரகசிய நோட்டு

கண்டமங்கலத்திலிருந்து ஒரு இளம் தம்பதி. கணவன் சேகர் புதுச்சேரிப் பக்கம் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறார், என் குறை தவிர எதுவும் அவர் கண்ணில் படாது என்பது மனைவி கலாவின் புகார். இந்த மாதிரிக் கேஸுக்கு நம் பையில் ஒரு வீட்டுப்பாடம் தயாராக இருக்குமே, அதைக் கொடுத்தேன். ஒரு வாரம் மனைவி செய்வதில் உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் நோட்டில் எழுதுங்கள், அவரிடம் காட்டாதீர்கள் என்றேன். இந்தக் காட்டாதீர்கள் என்ற ஒரு வார்த்தையால்தான் வந்தது வினை.

நான்காம் நாள் கலாவின் அண்ணன்மார் மூன்று பேர் அந்த நோட்டோடு விழுப்புரம் கிளினிக்குக்கு வந்துவிட்டார்கள். பின்னால் அழுத முகத்தோடு கலா, அவளுக்குப் பின்னால் முகமே இல்லாமல் சேகர். விவாகரத்துக்கு ஆதாரம் சேர்க்கிறான், நேரம் குறித்து எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள் என்று பெரியண்ணன் அதைக் குற்றப்பத்திரிகை மாதிரி உரக்கப் படிக்க ஆரம்பித்தார். காலை ஐந்து நாற்பது, டீ, சூடு சரி. ஆறு பத்து, டிபன் பாக்ஸ், மூடி இறுக்கம் சரி. தொழில் புத்தி. என் பிழைப்பு அன்றோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பக்கம் புரளப் புரள அண்ணனின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. மதியம் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்டாள், நன்றாக இருந்தது. அடுத்த பக்கம்: காலையில் தலை வாரிக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், பஸ் போய்விட்டது. அண்ணன் அதற்கு மேல் படிக்காமல் நோட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, தம்பிகளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கலா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு புருஷனைப் பார்த்து, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு குரலில் கேட்டாள்:

"அன்னிக்கு பஸ்ஸை விட்டதுக்கு, டிபன் கட்ட லேட்டாச்சுன்னு என்னைத்தானய்யா திட்டின?"

இல்லாத பிரேக்

ஏழுமலை அண்ணனுக்கு நான் போட்ட திட்டம் பாடப் புத்தகத்தில் இருக்கிற திட்டம்தான். படிப்படியாகப் பயத்தை நெருங்குவது. முதல் சிட்டிங்கில் பேச்சு. இரண்டாவது வாரம், நிற்கிற பஸ்ஸில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து மூச்சை எண்ணுவது. அதை அவர் தினமும் செய்தார். மூன்றாவது வாரம், பயணியாக முன் சீட்டில் உட்கார்ந்து விழுப்புரம் வரை போய்வருவது. அவருடைய பஸ்ஸிலேயே, இப்போது அதை ஓட்டுகிற டிரைவரின் இடப்பக்கத்து சீட்டில்.

போய்விட்டு வந்தவரின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பைப் பார்த்தேன். கூட்டேரிப்பட்டில் கண்ணை மூடிக்கொண்டதாக ஒப்புக்கொண்டார், மற்றபடி இறங்கி ஓடவில்லை. அட்டையைப் பார்த்து எனக்குள் ஒரு திமிர் வந்துவிட்டது, பாதி ஜெயித்துவிட்டோம் என்று. கூட வந்திருந்த கண்டக்டர் மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் ரகசியமாகச் சொன்னார்:

"முப்பத்தேழு கிலோமீட்டரும் அண்ணன் காலால பிரேக்கு போட்டுக்கினே வந்தாரு மேடம், தரைத் தகடு நசுங்கிச்சான்னு குனிஞ்சு பாத்துட்டுத்தான் இறங்கினேன்."

அதிசயம் நடந்த காலை

நம் ஆட்களுக்கெல்லாம் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. இன்று நீங்கள் தூங்கும்போது ஒரு அதிசயம் நடந்து உங்கள் பிரச்சனை தீர்ந்துவிடுகிறது. காலையில் எழுந்ததும் எதைப் பார்த்து அது தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொள்வீர்கள்? வகுப்பில் கேட்கும்போது புல்லரிக்கும். மயிலம் பக்கத்து விவசாயி கோதண்டம் ஐயாவிடம் கேட்டபோது, யார் வந்து தீர்த்தது என்று திருப்பிக் கேட்டார். தெரியாது, அதிசயம் என்றேன். அடையாளம் தெரியாத ஆள் தன் வீட்டு விஷயத்தில் தலையிடுவதை அவர் விரும்பவில்லை.

அவருக்கும் தம்பிக்கும் பொதுக் கிணறு, பொது மோட்டார், மூன்று வருடமாகப் பேச்சு மட்டும் இல்லை. யார் முறை என்பதை மோட்டார் கொட்டாய் கதவில் கரியால் கோடு போட்டுத் தெரிவித்துக்கொள்வார்கள். நானும் விடாமல் கேள்வியைக் கேட்டேன். கடைசியில், தம்பி கொட்டாய்ப் பக்கம் நின்று வாண்ணே என்று கூப்பிடுவான் என்றார். அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன். அவன் மல்லாட்டையைப் பறிக்க ஒத்தாசைக்குப் போவேன் என்றார், எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். ஒரு நாளைக்கு அந்த அதிசயம் நடந்துவிட்ட மாதிரியே இருந்து பாருங்களேன் என்று அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரம் வந்தவர் உட்காரவே இல்லை. வேட்டியில் செம்மண், கையில் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை. தம்பி வந்து கூப்பிட்டாரா என்று ஆவலாகக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்:

"தண்ணி கட்டி ஈரம் காயறதுக்குள்ள பறிக்கணும்மா, உன் அதிசயம் வர்ற வரைக்கும் காடு காத்துக்கினு இருக்குமா? நானே போயி ஜல்தி வாடான்னு கூப்ட்டேன், வந்துட்டான்."

ரெஜினா அக்காவின் கேள்வி

நான்காவது வாரம் ஏழுமலை அண்ணன் காலி பஸ்ஸை எடுத்தார். பக்கத்தில் அந்த இன்னொரு டிரைவர். திண்டிவனத்திலிருந்து நன்றாகவே ஓட்டினார். கூட்டேரிப்பட்டு ஜங்ஷனுக்கு நூறடி முன்னால் ஓரம்கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டார். விஷயம் போனில் வந்தபோது நான் விழுப்புரத்தில் இருந்தேன். வெட்கமாக இருந்தது. மூச்சுப் பயிற்சி, படிப்படியான திட்டம் என்று எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தேன், ஆனாலும் அந்த மனுஷர் வெயிலில் நடந்துகொண்டிருந்தார். சித்திரைக்கு இன்னும் இரண்டு வாரம்தான்.

ரெஜினா அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி, அடிபட்ட பையனை இவர் போய்ப் பார்த்தாரா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான்கு சிட்டிங் முடிந்திருந்தது, கேட்கவே இல்லை. போன் செய்து கேட்டேன். வக்கீல் போகக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். போனால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும், கேஸ் முடியட்டும் என்று. கேஸ் முடிந்து நான்கு மாதமாயிற்று. அதற்குள் இத்தனை நாள் வராதவன் இப்போது எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம் வந்துவிட்டதாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், ஆகாத பங்காளிகூட ஒரு டஜன் சாத்துக்குடியோடு போய் நின்றுவிட்டு வருவார். இதே ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா என்னைத் தேற்றவெல்லாம் இல்லை:

"அடிபட்டவனைப் போயி பாக்காத மனுஷன் அந்த எடத்தை எப்படிம்மா தாண்டுவாரு?"

சாத்துக்குடிப் பை

ஐந்தாவது சிட்டிங்குக்கு முன்னால் அவர் போய்வந்திருந்தார். வேலு இப்போது கூட்டேரிப்பட்டிலேயே செல்போன் கடை வைத்திருக்கிறான், ஜங்ஷனிலிருந்து நான்காவது கடை. அண்ணன் சாத்துக்குடியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு எதிர்ப்புறமாகவே அரை மணிநேரம் நின்றிருக்கிறார். திட்டுவான், அடிக்க வருவான், அவன் அம்மா மண்ணை வாரித் தூற்றுவாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு. கடைசியில் கடந்து போய்ப் பெயரைச் சொல்லியிருக்கிறார். வேலு கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, உட்காருங்கண்ணே என்றானாம்.

அன்று தான் பார்க்காமல் குறுக்கே வந்ததை வேலுவே சொல்லியிருக்கிறான். அது அண்ணனுக்கு முன்பே தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது. அதை என்னிடம் சொல்லும்போது டிஷ்யூ பெட்டியைத் தேடியது அவரில்லை, நான். கடையிலிருந்து அவர் கிளம்பும்போது வேலு சொன்னது இது:

"ஒரு வருசமா உங்க பஸ்ஸு போறப்பல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கினுதாண்ணே இருக்கேன், வேற ஆளுதான் ஓட்றாங்க. என்னால உங்க வேலை போயிடுச்சோன்னு ஒரே பேஜாரா இருந்துச்சு."

ஆறாவது சிட்டிங்

ஆறாவது சிட்டிங்குக்கு மாடி ஏறி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நீங்கள் விழுப்புரம் போகத்தானே வேண்டும், காலை எட்டேகாலுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள் என்றார். போனேன். காக்கிச் சட்டை இஸ்திரி மடிப்போடு இருந்தது. கண்டக்டர் எனக்கு முன் சீட்டைப் பிடித்து வைத்திருந்தார். பஸ் முழுக்க ஆட்கள். விழுப்புரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், கீரைக் கூடையோடு இரண்டு பேர். இன்று யார் ஓட்டுகிறார், அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று ஒருவருக்கும் தெரியாது.

கூட்டேரிப்பட்டு நெருங்கியது. வேகத்தைக் குறைத்தார், குறைக்க வேண்டிய இடத்தில்தான். கை ஆடுகிறதா என்று பார்த்தேன், கியர் மாற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தினார். நான்கு பேர் இறங்கினார்கள், ஏழு பேர் ஏறினார்கள். செல்போன் கடை வாசலில் ஒருவன் சாய்ந்தபடி நின்று கையை உயர்த்தினான். அண்ணன் ஒரு தடவை ஹாரன் அடித்தார். விசில் வந்ததும் எடுத்தார், அவ்வளவுதான், ஜங்ஷன் பின்னால் போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் பஸ் சேரவில்லையா என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். ஜெயித்த ஆள் கையில் எலுமிச்சம்பழத்தோடு அழுதுகொண்டே டோல்கேட்டைத் தாண்டியது இந்தத் தடத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஆறாவது சிட்டிங்கில் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன: என்ன கற்றுக்கொண்டீர்கள், மறுபடி பயம் வந்தால் என்ன செய்வீர்கள், இந்த மாதிரி. அதற்கான கேள்விகளைக்கூட ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது கேள்வியைத் தொடங்குவதற்குள் அவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, என்னைப் பார்த்தார்:

"கோச்சுக்காதீங்க மேடம், இறங்கிக்குங்க, அடுத்த ட்ரிப்புக்கு டைம் ஆயிடுச்சு."

வந்தவர் இனிமேல் நம்மைத் தேடி வரவே மாட்டார் என்று உறுதியானதும் பஸ் ஸ்டாண்டில் நின்று சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிற தொழில், சக பாவிகளே, நம்முடையதைத் தவிர வேறெதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.